நெட்டை ஹசனுக்குப் பெண் கொடுத்தவர்கள்

1

எங்கள் பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை கேட்டுச் சுமதி கடிதம் போட்டிருக்கிறாள். சுமதி யாழ்ப்பாணத்தில் என்னிடம் வரலாறு படித்தவள். நான் விட்டுவிட்டு வந்த வகுப்பில் இப்போது அவளே வரலாறு படிப்பிக்கிறாள். பங்குனியில் ரொறன்ரோ வாசகர் வட்டத்தில் நான் பேசிய பேச்சைப் பற்றி இங்குள்ள இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்திருந்தது. அதை யாரோ வெட்டி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட புண்ணியவான்கள் எங்கள் சனத்துக்குள் எங்கும் இருக்கிறார்கள்.

“வேறு சமயத்துப் பெண்ணை அவளுடைய சமயத்தோடேயே ஏற்றுக்கொண்ட அந்த அரசனைப் பற்றி நீங்கள் பேசியதை வாசித்தோம், ரீச்சர். உங்களிடம் படித்தோம் என்று சொல்ல எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த உரையை அப்படியே எழுதி அனுப்புங்கோ” என்று எழுதியிருக்கிறாள்.

வேலையால் வந்து கதவடியில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றுதான் வாசித்தேன். ‘பெருமை’ என்ற சொல்லுக்கு வந்ததும் காது இரண்டும் சுட்டது. அந்த உரையை அனுப்ப என்னால் முடியாது, சுமதி. அந்த உரைக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் அனுப்புகிறேன். போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

2

கனடாவுக்கு வந்து இந்த வைகாசியோடு பத்து வருஷம். நாங்கள் இருப்பது மில்லிக்கனில். நான் வேலை செய்வது கொம்பியூட்டருக்கான சின்னச் சின்னச் சாமான் பொருத்தும் ஒரு பக்ரறியில். பகல் முழுக்கக் குனிந்தபடி வேலை. வாய் மட்டும் சும்மா இருக்கும். பக்கத்துக் கதிரையில் இருப்பவள் பரீசா, ஈரானில் தப்ரீஸ் நகரத்துக்காரி. வீட்டில் பேசுவது துருக்கி மாதிரி ஒரு பாஷை என்றாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் ஊரில் நீல ஓடு பதித்த ஒரு பள்ளிவாசல் இருப்பதாகவும், பூமியதிர்ச்சியில் பாதி இடிந்துபோனதாகவும், அதைக் கட்டினவன் கறுப்புச் செம்மறி அரசன் என்றும் சொன்னாள்.

“கறுப்புச் செம்மறியோ? அதென்ன பேர்?” என்று கேட்டேன்.

“வெள்ளைச் செம்மறி அரசரும் இருந்தார்கள். அவர்கள்தான் இவர்களை முடித்தார்கள்” என்றாள். பிறகு தயிரையும் வெள்ளரிக்காயையும் கலந்து தின்னத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அது வெறும் ஊர்க்கதை. எனக்கோ அன்று பின்னேரம் முழுக்கக் கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்.

எங்கள் பாடப் புத்தகத்தில் இவர்கள் ஒரு வரி. தைமூருக்குப் பிறகு, துருக்கிச் சுல்தான்களுக்குப் பக்கத்தில், “துர்க்கொமான் கூட்டத்தார்” என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் நானும் வருஷா வருஷம் தாண்டிப் போனேன். இங்கே லைபிறறிக்காரி பெரிய மனசு பண்ணி வேறு வேறு நகரங்களில் இருந்தெல்லாம் புத்தகம் எடுத்துத் தந்தாள். வாசித்தேன், வாசித்தேன், அப்படி வாசித்தேன். இவர் (என் கணவரைச் சொல்கிறேன்) சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் மலையும் மாரியில் சமவெளியுமாக ஆட்டு மந்தையோடு அலைந்த கூடாரச் சனம் இந்த வெள்ளைச் செம்மறியர். தியார்பக்கீர் என்ற ஊரைப் பிடித்து அரசாளத் தொடங்கினார்கள். அவர்களில் பெரியவன் ஹசன். ஆள் நல்ல உயரம், அதனால் நெட்டை ஹசன் என்றே சரித்திரத்தில் பேர். கறுப்புச் செம்மறியரைத் தோற்கடித்துத் தப்ரீஸைத் தலைநகராக்கினான். கடைசியில் துருக்கிச் சுல்தானுடைய பீரங்கிக்கு முன்னால் அவனுடைய குதிரைகள் நிற்க முடியவில்லை. அவன் மகள் வயிற்றுப் பேரன்தான் பிறகு வந்து அந்த வம்சத்தையே துடைத்தழித்தவன். சொந்தப் பேரன்!

இதைப் பத்திரிகையில் தொடராக எழுதினேன். கடையிலும் கோயிலிலும் என்னைக் கண்டால் “செம்மறி ரீச்சர்” என்று பகிடி. வெள்ளையாக இருந்தால் அது எப்படிச் செம்மறி என்று ஒருவர் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி நான் களைத்துப்போனேன். ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் சரியான சந்தோஷம். பத்து வருஷத்துக்குப் பிறகு யாரோ என்னை ரீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா?

3

என் மகள் மதுரா. ஊரில் இருந்து வரும்போது பதின்மூன்று வயது. இப்போது பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அவளுடைய தமிழ் ஓட்டைப் பானை மாதிரி. ஊற்ற ஊற்ற ஒழுகும், ஆனால் ஈரம் இருக்கும். தை மாதம் ஒருநாள் என்னை வேலையால் ஏற்றிக்கொண்டு வந்தவள், ஸ்டீல்ஸ் ரோட்டில் சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றபோது சொன்னாள்.

“அம்மா, ஐ மெட் சம்வன். பேர் அமலன் பெனடிக்ற். நாங்கள் மறி பண்ணப் போறம்.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி துடைக்கிற தடி இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தது.

“ஆர் அவன்?”

“நேர்ஸ். டவுன்ரவுன் ஹொஸ்பிட்டல்ல. வீடு அஜக்ஸில. தே ஆர் கத்தோலிக்.”

“ஆம்பிளை நேர்ஸோ?” என்று கேட்டேன். பாருங்கள், முதலில் வாயில் வந்த கேள்வி இதுதான்.

“ஓம் அம்மா, ஆம்பிளை நேர்ஸ்.” அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான் பெர்மிஷன் கேக்கேல்லை. நீங்கள் வரோணும் எண்டு கேக்கிறன். நீங்கள் வராட்டி எனக்குச் சரியான கவலையா இருக்கும். பட் ஐ வில் ஸ்டில் டூ இற்.”

வெளிச்சம் பச்சையாகிப் பின்னால் நின்றவன் ஹோன் அடித்தான். இருப்பது ஒரு பிள்ளை. அவளை இழக்கப் போகிறேனா என்று ஒரு மனம், அதற்காக எதையும் விழுங்குவதா என்று இன்னொரு மனம். இவரிடம் சொன்னேன். “பொடியனை ஒருக்காக் கூப்பிட்டுக் கதைப்பம்” என்றார். அவ்வளவு சுலபமாக ஒரு வழி இருப்பதே எனக்குக் கோபமாக இருந்தது.

“முதல்ல விசாரிக்க வேணும்” என்றேன்.

4

விசாரிப்பு என்றால் என்னவென்று ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது இங்கே விமானம் ஏறி வந்துவிட்டது. ஆனால் விதிமுறை அதேதான். தன் வீட்டுக்கு என்று கேட்கக் கூடாது, “ஒரு தெரிஞ்ச ஆக்களுக்கு” என்று கேட்க வேண்டும். இடையில் நிற்பவரிடம் பொடியன் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் மறுநாள் கோயிலில் கதை நிற்கும்.

ஒஷாவாவில் சறோ அக்கா என்று ஒருவர் இருக்கிறார். ஒன்ராறியோவில் எந்தத் தமிழனுக்கு எந்தத் தமிழன் என்ன முறை என்பது அவவுக்கு விரல் நுனியில். “அஜக்ஸ் பக்கத்துக் கத்தோலிக்க ஆக்களை வடிவாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும் அக்கா” என்று மட்டும் சொன்னேன். அவ யார் யாரிடமோ கேட்டு ஒரு நம்பர் தந்தா. “சூசை அண்ணை எண்டு கேள். கோயில்ல பாட்டுக் குழு. அந்தச் சேர்ச்சுப் பங்கில அவருக்குத் தெரியாத ஆள் இல்லையாம்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுரா வெளியே போன நேரம் பார்த்துப் போன் எடுத்தேன். இவர் முன்னறையில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வணக்கம். சூசை அண்ணையோ? நான் மில்லிக்கனில இருந்து கதைக்கிறன். ஒரு தெரிஞ்ச ஆக்களுக்காக ஒரு இடம் விசாரிக்கிறன். குறை நினைக்காதேங்கோ.”

“இதிலை குறை என்ன தங்கச்சி? ஆரைப் பற்றி?”

“பெனடிக்ற் எண்டவர் அஜக்ஸில இருக்கிறாராம். அவற்ற மகன் அமலன். நேர்ஸா வேலை செய்யிற பொடியன்.”

அந்தப் பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார் போலும்.

“ஓம்,” என்றார். “தெரியும். கேளுங்கோ.”

நான் கேட்டேன். எந்த ஊர்? மன்னார்ப் பக்கம், கடற்கரைக் கிராமம். எப்போது வந்தவர்கள்? எண்பத்தாறு, முதலில் இந்தியா, பிறகு இங்கே. சொந்த வீடோ? ஓம், பாங்குக்கும் அவைக்கும் சொந்தம் என்று சிரித்தார். சகோதரங்கள்? மூத்தது பெண், கட்டிவிட்டது. தகப்பன் எப்படி?

“தகப்பனோ?” கொஞ்சம் யோசித்தார். “முற்கோவி. வாய் கொஞ்சம் கூட. பாட்டுக் குழுவில சண்டை பிடிச்சு ரெண்டு தரம் விட்டிட்டுப் போனவன். பேந்து வெக்கமில்லாமல் தானே திரும்பி வந்தவன். ஆனால் ஆருக்கும் துரோகம் செய்யமாட்டான் எண்டு நினைக்கிறன்.”

“தாய்?”

“தாய் செத்துப்போச்சு, தங்கச்சி. போன வருஷத்துக்கு முதல் வருஷம். கான்சர்.”

“ஆ, அப்பிடியோ” என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இதை இப்போது எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழும்பி நடக்க வேண்டியிருந்தது.

அடுத்த கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கடைசியாகத்தான் கேட்போம். குரலைக் கொஞ்சம் இறக்குவோம், தேன் தடவுவோம்.

“அண்ணை, கேக்கிறனெண்டு கோவிக்காதேங்கோ. அவை என்ன ஆக்கள்?”

“கடல் தொழில் ஆக்கள். தகப்பன்ர தகப்பன் கரைவலை இழுத்தவர். ஒளிக்க ஒண்டுமில்லை.”

“சீச்சீ, நான் உதெல்லாம் பாக்கிற ஆளில்லை அண்ணை. பெட்டை வீட்டுக்காரர் கேப்பினம், அதுக்குத்தான்.”

“கேப்பினம், கேப்பினம்,” என்றார் அமைதியாக. “வேறை ஏதும் கேக்க இருக்கோ?”

“இல்லை அண்ணை, எல்லாம் கேட்டாச்சு. பெரிய உபகாரம்.”

அவர் உடனே வைக்கவில்லை. இன்னும் ஏதோ எதிர்பார்ப்பவர் போல நின்றார். நான்தான் வைத்தேன்.

வைத்துவிட்டு இவரிடம் போய், “பாத்தீங்களே, சொந்தப் பங்கு ஆளே சொல்லுது, தகப்பன் முற்கோவியாம்” என்றேன், ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரி. மற்றதையும் சொன்னேன்.

இவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். “படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்” என்றார். பிறகு மறுபடியும் கூட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டோடு மதுராவிடமும் சொன்னேன், யாரிடம் கேட்டேன் என்று சொல்லாமல்.

“யூ ஆஸ்க்ட் பீப்பிள்?” என்றாள். “வேலைக்கு எடுக்கேக்க ரெஃபரன்ஸ் செக் பண்ணுற மாதிரியோ?”

“எங்கட ஆக்கள் அப்பிடித்தான் செய்யிறது.”

“அப்ப அவையும் என்னைப் பற்றி ஆரிட்டையாவது கேட்டிருப்பினமோ? ஆர் என்ன சொல்லியிருப்பினம்?” பதிலுக்கு நிற்காமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். அவளைப் பற்றியும் ஒருவர் இப்படிக் கேட்கலாம் என்பது அது வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பிள்ளையில் கேட்க என்ன இருக்கிறது என்ற திமிர்.

5

பங்குனியில் வாசகர் வட்டம் லைபிறறி பேஸ்மென்றில் என் பேச்சை வைத்தது. இருபது, இருபத்தைந்து பேர், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பெட்டி ரோல்ஸ். இவரோடு மதுராவும் வந்தாள். அதற்குள் ஒரு மாதமாக எங்களுக்குள் சாப்பிட்டாயா, போட்டு வாறன் என்பதற்கு மேல் பேச்சில்லை. “என்ர கொஞ்சப் பேர் வருவினம்” என்று மட்டும் சொன்னாள். அவளுடைய சிநேகிதிகள் என்று நினைத்தேன்.

அன்று நான் நல்லாகப் பேசினேன். அதை மறைக்க மாட்டேன். செம்மறிக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்தபோது குரலே மாறிவிட்டது. கருங்கடல் ஓரத்தில் திரெபிசொண்ட் என்று ஒரு கிறிஸ்தவ இராச்சியம். சின்ன இராச்சியம், பெரிய பரம்பரை. அந்த அரசன் தன் குடும்பத்துப் பெண் தியோடோராவைக் கூடாரத்தில் வாழும் முஸ்லிம் தலைவன் ஹசனுக்குக் கட்டிக்கொடுத்தான். பெண் தன் சமயத்தை விடமாட்டாள், தன் பாதிரிமாரோடுதான் வருவாள் என்பது பேச்சு. ஹசன் சரி என்றான். கடைசி வரை அந்த வாக்கை மீறவில்லை.

“ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்,” என்றேன் கையை உயர்த்தி, “ஆட்டு மந்தையோடு அலைந்த ஒரு மனிதனுக்கு இருந்த விசாலம், படித்த எங்களுக்கு இருக்கிறதா?”

சனம் கை தட்டியது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். நீ பார்த்த படம் அதுதான், சுமதி. வாயைத் திறந்துகொண்டு, கையை உயர்த்திக்கொண்டு.

கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையில் மண்ணிறச் சுவெற்றர் போட்ட ஒரு மனிதர் எழும்பினார். மெலிந்த ஆள், தலை நரைத்திருந்தது.

“ரீச்சர், எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்” என்றார்.

இரண்டு சொல் போதும். அந்தக் குரலை நான் அரை மணித்தியாலம் காதோடு வைத்துக் கேட்டவள். சூசை அண்ணை.

“அந்தப் பெட்டை வீட்டுக்காரர் பெரிய ராசா பரம்பரை எண்டு சொன்னீங்கள். அவை ஹசனைப் பற்றி முதல்ல ஆரிட்டையும் விசாரிச்சவையோ? ஆடு மேய்க்கிற ஆக்கள் எண்டு தெரிஞ்சுதான் குடுத்தவையோ?”

பேஸ்மென்ற் முழுக்கச் சிரித்தது. எங்கள் சனத்துக்கு இதைவிட நல்ல பகிடி உண்டோ? சறோ அக்கா கூடச் சிரித்தா. அவரும் மெல்லச் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பொடியன். அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் என் மகள்.

நான் ஏதோ சொன்னேன். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னரே அந்த அரச குடும்பம் ஹசனின் முன்னோருக்குப் பெண் கொடுத்திருக்கிறது என்றேன். அது உண்மைதான். துருக்கிச் சுல்தான் நெருங்கி வந்துகொண்டிருந்த நேரம், திரெபிசொண்டுக்குத் தேவைப்பட்டது வாள், வம்சம் பார்க்க நேரமில்லை என்றேன். அதுவும் உண்மைதான். உண்மைகளை அடுக்கி அடுக்கி அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“அப்ப அவசரமெண்டால் விசாரிக்கத் தேவையில்லை. விளங்குது ரீச்சர், நன்றி” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். மறுபடியும் சிரிப்பு.

தேத்தண்ணி நேரம் மதுரா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ஒரு மாதமாக நான் காணாத வெளிச்சம். “அம்மா, இது அமலன். இது அமலன்ர அப்பா.”

அப்பா.

பெனடிக்ற்றின் மகன் அமலன் என்றல்லவா நான் கேட்டேன்? எங்கள் வழக்கம் அப்படி. பிள்ளையின் பேருக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பேர். ஆனால் இந்த நாட்டுக் கடதாசியில் தகப்பனின் தகப்பன் பேர்தான் குடும்பப் பேராக இறங்கிப் பேரப் பிள்ளைகள் வரை ஓடுகிறது. பெனடிக்ற் என்பவர் சூசை அண்ணையின் தகப்பன், கரைவலை இழுத்து எப்போதோ கண் மூடிய மனிதர். என் வீட்டிலும் இதே கூத்துத்தானே! என்னையும் இங்கே எல்லா ஓஃபீசிலும் மிஸ்ஸிஸ் வைத்திலிங்கம் என்று செத்துப்போன என் மாமனார் பேரில்தான் கூப்பிடுகிறார்கள். பத்து வருஷமாக அந்தப் பேருக்கு எழும்பி நிற்கிற எனக்கு இது விளங்காமல் போய்விட்டது.

முற்கோவி. வெட்கமில்லாமல் திரும்பி வந்தவன். தாய் செத்துப்போச்சு. எல்லாம் தன்னைப் பற்றி, தன் மனைவியைப் பற்றி, தன் தகப்பனைப் பற்றி.

அவர் கையைக் கூப்பினார். “வணக்கம் ரீச்சர். உங்களைச் சந்திக்க வேணும் எண்டு கன நாள் யோசிச்சனான். இண்டைக்குத்தான் வாய்ச்சிருக்கு” என்றார். மகனுக்கு முன்னால், என் மகளுக்கு முன்னால், முதல் தரம் சந்திப்பவர் மாதிரி. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரோல்ஸ் எடுங்கோ என்று சொல்லியிருப்பேன்.

காரில் வரும்போது மதுரா என் கையைப் பிடித்தாள். “தாங்க்ஸ், அம்மா. நீங்கள் அந்தக் குவீனைப் பற்றிக் கதைச்சது எனக்காகத்தானே? ஐ நியூ இற். நேரா சொல்ல வெக்கமா இருந்து அப்பிடிச் சொன்னனீங்கள், என்ன?”

இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தது தெரிந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு அவர் ஒரு பழமொழியும் சொல்லவில்லை.

6

அதற்குப் பிறகு நான் அந்த மனிதருக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இன்று வேண்டாம், நாளைக்கு என்று வாரக் கணக்காகத் தள்ளினேன். மதுராவோ நான் சம்மதித்துவிட்டேன் என்று நம்பி மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். பொய்யில் நிற்கிற சம்மதம்.

பேச்சில் நான் சொல்லாமல் விட்ட ஒரு ஆள் மட்டும் அந்த நாட்களில் என்னை விடவில்லை. ஹசனின் தாய், சாரா கத்தூன். துருக்கிச் சுல்தான் திரெபிசொண்டைப் பிடிக்கப் படை எடுத்தபோது அந்தக் கிழவி தூது போனாள். மருமகளின் ஊரை விட்டுவிடு என்று கேட்பதற்காக அவனோடு மலைப்பாதை எல்லாம் ஏறினாள். ஊர் தப்பவில்லை. ஆனாலும் போனாள். தன் பிள்ளைக்கு வந்த பெண்ணின் ஆட்களுக்காக ஒரு மாமி மலை ஏறியிருக்கிறாள். எனக்கு ஒரு போன் எடுக்கக் கை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது, சுமதி. பெருமை என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேற்றுப் பின்னேரம், சப்பாத்தோடேயே குசினிக்குப் போய் நம்பரை அடித்தேன்.

“சொல்லுங்கோ ரீச்சர்” என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

“எப்பிடி நான்தான் எண்டு...”

“உந்தப் போன் பெட்டியில எடுக்கிற ஆளின்ர பேர் விழும். போன முறையும் விழுந்தது.”

அதாவது முதல் மணியிலேயே அவருக்குத் தெரியும். நான் தெரிஞ்ச ஆக்களுக்கு என்று அளந்தபோது, மதுராவின் குடும்பப் பேர் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. பெட்டை வீட்டுக்காரர் கேப்பினம் என்று பெட்டையின் தாயே சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

“அண்ணை, நான் செய்தது பிழை. பெரிய பிழை. உங்கட மனுசி செத்துப்போனா எண்டு சொன்னீங்கள், நான் ஒரு வார்த்தை...” அதற்கு மேல் வரவில்லை. அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

அவர் அவசரப்படவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரைக்கும் பொறுத்தார்.

“ரீச்சர், சத்தியமாச் சொல்லுறன், முதல்ல சரியான கோவம். போனை எறியத்தான் பாத்தனான். பேந்து யோசிச்சன். நானும் மூத்தவளுக்கு மாப்பிளை பாக்கேக்க இப்பிடித்தான் ஒருத்தரிட்டை விசாரிச்சனான். எங்களுக்குக் கீழையும் ஆக்களை வைச்சிருக்கிறம்தானே. அதால உங்களை ஏச எனக்கு வாயில்லை.”

“நீங்கள் ஏசினால் எனக்குச் சுகமா இருக்கும் அண்ணை.”

“ஏசமாட்டன். ஆனா ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அரை மணித்தியாலம் கதைச்சனீங்கள். ஊர் கேட்டீங்கள், வீடு கேட்டீங்கள், தகப்பன் கேட்டீங்கள், தாய் கேட்டீங்கள், என்ன ஆக்கள் எண்டு கேட்டீங்கள். பொடியன் எப்பிடி எண்டு கேக்கேல்லை. அதைக் கேப்பீங்கள், கேப்பீங்கள் எண்டு கடைசி மட்டும் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கு என்னட்டை நல்ல மறுமொழி இருந்தது.”

இத்தனை மாதம் என் மகள் எவனோடு வாழப் போகிறாள் என்று தவித்தவள் நான். அந்த எவன் என்பவனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி யாரிடமும், அவளிடம்கூட, நான் கேட்கவில்லை.

“இப்பக் கேக்கிறன் அண்ணை. பொடியன் எப்பிடி?”

கரைவலையைப் பற்றித் தடுமாறாமல் சொன்ன குரல் இப்போது தடுமாறியது.

“நான் சொல்லமாட்டன்,” என்றார். “வாற ஞாயிறு நீங்களும் மனுசனும் வீட்டை வாங்கோ. அவன்தான் சமைப்பான். தாய் படுத்த நாளில இருந்து அவன்தான் சமையல். வந்து இருந்து, அவனோட கதைச்சுப் பாத்திட்டு, நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ ரீச்சர், பொடியன் எப்பிடி எண்டு.”

தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன், அது அவருக்குத் தெரியாது என்ற நினைவே இல்லாமல்.